முதல் பத்தியில் உலகம் எதற்கு?

எங்கள் பொறியியல் கல்லூரியில் ஆங்கிலத் துறையை மற்றத் துறையினர் சலவைக்கடையாகவே நினைக்கிறார்கள். ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை ஆய்வு மாணவர் ஒருவர் கட்டுரையோடு வந்து நிற்பார். "விஷயமெல்லாம் தயார் மேடம், இங்கிலீஷை மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்பார். மொழி வேறு, விஷயம் வேறு. அழுக்கை எடுத்துத் தந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

வருபவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள், குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். 'ஏ', 'தி' எங்கே போடுவது என்று தெரியவில்லையே என்று கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையில்லாதது. அந்தப் பிழைகளை நீக்கச் சிறிது நேரம் போதும். நாட்களை விழுங்குவது வேறொன்று: இரண்டு பக்கம் படித்த பிறகும் இவர் என்னதான் கண்டுபிடித்தார் என்று தெரியாது.

வேதியியல் மாணவர் ஒருவரின் கட்டுரையைச் சொல்கிறேன். தேங்காய்ச் சிரட்டைக் கரியைக் கொண்டு நீரிலிருந்து சாயத்தைப் பிரிக்கும் ஆய்வு. திருப்பூர் அருகில் இருப்பதாலோ என்னவோ, எங்கள் பக்கத்தில் இந்த வகை ஆய்வுக்குப் பஞ்சமே இல்லை. அவருடைய அறிமுகப் பகுதி, உயிர்கள் அனைத்துக்கும் நீர் இன்றியமையாதது என்று தொடங்கியது. பிறகு மக்கள்தொகை, தொழில்மயமாதல், மாசுபாடு. மூன்றாம் பக்கத்தில்தான் கரி வந்தது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்னுரையில் 'நீரின்றி அமையாது உலகு' என்று எழுதினால் பள்ளியில் மதிப்பெண் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் ஆய்விதழ் ஆசிரியருக்கு நீரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுப்பவர் ஜான் ஸ்வேல்ஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மொழியியலாளர். ஆய்வுக்கட்டுரைகளின் அறிமுகப் பகுதிகளை ஆராய்ந்து, அவற்றில் மூன்று நகர்வுகள் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார். 1990-இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் இத்துறையில் அடிப்படை. முதலில் களம் எது, அதில் என்ன நடந்திருக்கிறது என்பது. அடுத்து, அங்கே இன்னும் நிரப்பப்படாத இடம். பிறகு, அந்த இடத்தை இந்தக் கட்டுரை எப்படி நிரப்புகிறது என்பது. இதைக் கரும்பலகையில் எழுதியதும் மாணவர் தயங்கிக்கொண்டே கேட்டார்: "நிரப்பப்படாத இடம் என்று எழுதினால் பெரியவர்களைக் குறை சொன்னதாகாதா மேடம்? அதில் எங்கள் நெறியாளரின் கட்டுரையும் இருக்கிறது."

ஆங்கிலப் பாடநூல் எதிலும் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. நம் ஊர் ஆய்வு மாணவருக்கு இதுதான் முதல் கேள்வி. இலக்கணம் தெரியாமல் அவர் அந்த நகர்வைத் தவிர்க்கவில்லை, மரியாதை கருதித் தவிர்த்திருக்கிறார். ஆய்வேட்டை மதிப்பிடப் போகிறவரும் அந்தப் பெரியவர்களில் ஒருவராக இருக்கலாம் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது, பயம் நியாயமானதுதான்.

"முன்னால் செய்தவர்கள் எந்த நீரில் சோதித்தார்கள்?" என்று கேட்டேன். வடிநீரில், அதாவது காய்ச்சி வடித்த தூய நீரில், மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கரைத்துச் சோதித்தார்களாம். "நீங்கள்?" சாயப்பட்டறைக் கழிவுநீரையே கேனில் பிடித்துவந்து சோதித்திருக்கிறார். பருத்தியில் சாயம் ஏற உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். அந்த உப்புநீரில் கரி எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வின் உயிர். அது மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் ஒளிந்துகிடந்தது. முந்தைய ஆய்வுகள் வடிநீரில் நடந்தன, உப்பு மிகுந்த கழிவுநீரில் இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எழுதினால் எந்தப் பெரியவருக்கும் கோபம் வராது. எழுதினார். மூன்று பக்கம் ஒரு பக்கமானது.

செய்முறைப் பகுதி எளிது. செயப்பாட்டு வினையை நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே கரைத்துக் குடித்தவர்கள். ராமன் ராவணனைக் கொன்றான் என்பதை, ராவணன் ராமனால் கொல்லப்பட்டான் என்று மாற்றி மாற்றி எழுதியவர்கள். எதற்காக மாற்ற வேண்டும் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. கரைசலைச் சூடாக்கியது யார் என்பது வாசகருக்கு வேண்டாம், எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் என்பதே வேண்டும். அந்த மாணவர் 'நன்கு கலக்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். நன்கு என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று? குறிப்பேட்டில் 150 என்று இருந்தது. அதை எழுதியதும் 'நன்கு' போய்விட்டது.

முடிவுரையில்தான் சண்டை. சிரட்டைக் கரியே மிகச் சிறந்தது என்று நிரூபணமாகிறது என்று எழுதியிருந்தார். எத்தனை வகைக் கரியை ஒப்பிட்டீர்கள் என்றால், ஒன்றைத்தான் சோதித்தாராம். வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் வடிவத்தை 1953 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டபோது, ஒரு அமைப்பை முன்வைக்க விரும்புகிறோம் என்றுதான் தொடங்கினார்கள் என்று எடுத்துக் காட்டினேன். மாணவர் 'மிகச் சிறந்தது' என்பதை எடுத்துவிட்டார். மறுநாள் நெறியாளர் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டார். அதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை.

இன்னொரு கவலை ஒப்புமைச் சதவீதம், அதாவது எழுதியதில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்ற கணக்கு. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. விதி நல்லதுதான். ஆனால் எண்ணைக் குறைப்பதே எழுத்து என்றாகிவிட்டது. மென்பொருளில் போட்டுச் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். இப்படி மாற்றியதில் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகி, அச்சேறிய கட்டுரைகளிலேயே உட்கார்ந்திருந்ததை பிரெஞ்சு கணினி ஆய்வாளர் கியோம் கபனாக் உள்ளிட்ட மூவர் 2021-இல் வெளிக்கொணர்ந்தார்கள். மதிப்பீட்டாளர்கள் படித்துப் பார்த்துத்தான் அனுமதித்தார்களா என்பது தனிக் கேள்வி.

நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். மூலக் கட்டுரையை மூடி வையுங்கள். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தமிழில் சொல்லுங்கள். சொன்னதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். மூலத்தைத் திறந்து, எண்களையும் பெயர்களையும் மட்டும் சரிபாருங்கள். ஆங்கிலத் துறையில் தமிழா என்று சக ஆசிரியர்கள் சிலருக்கு வருத்தம் உண்டு. புரிந்ததா என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு, பிழையே இல்லாத கட்டுரைகள் வருகின்றன. சென்ற வாரம் மின்னணுவியல் மாணவி ஒருவர் கொண்டுவந்ததில் ஒரு காற்புள்ளியைக்கூட நான் தொடவில்லை. ஆனால் நான்கு பக்கத்தில் எங்கும் நிரப்பப்படாத இடத்தைக் காணோம். "இதில் புதிதாக என்னம்மா பார்த்தாய்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, மழை நாட்களில் மட்டும் சென்சார் வேறு அளவு காட்டியது என்றார். கட்டுரையில் அது இல்லையே? "பிழை என்று நினைத்து அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன் மேடம்." பழைய குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அந்த நாட்களின் அளவுகளிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறோம்.