மொய்க்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஐந்து வருடத்தில் மூன்று லட்சம், மகளின் கல்லூரிக்கு. காகிதத்தில் இது ரொம்பச் சுலபம்: மாதம் 5,000, அறுபது மாதம், வட்டி தனி. மாதாமாதம் ஒரே தொகை கட்டிவரும் தபால் ஆபீஸ் ஆர்.டி.யும் (தொடர் வைப்பு) சரியாக அறுபது தவணைதான். ஜனவரியில் உற்சாகமாகத் தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் ஆவணி பிறப்பதற்குள் தவணையை விட்டுவிடுகிறார்கள். கேட்டால் "திடீர்னு ஒரு செலவு வந்துடுச்சு" என்பார்கள்.

என்ன திடீர்? ஜூனில் பள்ளிக் கட்டணம், வண்டிக்கு இன்சூரன்ஸ், ஆவணியில் வரிசையாகக் கல்யாணம், அக்கா மகளுக்குத் தாய்மாமன் சீர், அப்புறம் தீபாவளி. தீபாவளி எந்த வருடம் வராமல் இருந்திருக்கிறது? டீயைக் குறை, ஓட்டலுக்குப் போகாதே என்று அறிவுரை சொல்கிறவர்கள் மேல் எனக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது, ஏனென்றால் சேமிப்பைக் கவிழ்ப்பது டீ கிடையாது, நாள் குறித்து, பத்திரிகை அடித்து, வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போன செலவுகள்தான்.

மொய்யையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்தே தனியாக நடக்கும். எங்கள் வீட்டில் அட்டை நைந்துபோன ஒரு நீள நோட்டு இருக்கிறது; ஊர், பெயர், தொகை என்று வாங்கிய மொய் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பத்திரிகை வந்தால் அம்மா முகூர்த்த நேரத்தைக்கூடப் பார்க்க மாட்டார், நேராக நோட்டுக்குத்தான் போவார். அவர்கள் 1,000 எழுதியிருந்தால் நாம் அதே 1,000 எழுதினால் ஆகாது, மேலே கொஞ்சம் போட்டுத்தான் எழுத வேண்டும். ஆக, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதிவைத்த கடன் கணக்கு கையிலேயே இருக்கிறது. எந்த வீட்டில் பிள்ளைகள் கல்யாண வயதில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். வருட ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டினால் இந்த வருட மொய் ஓரளவு பிடிபட்டுவிடும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். பள்ளிக்கு 35,000, தீபாவளிக்கு 20,000, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 17,000, மொய்யும் சீரும் 24,000. மொத்தம் 96,000, அதாவது மாதம் 8,000. சம்பளம் வந்த அன்றே இது வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போய்விட வேண்டும். அந்தக் கணக்கை ஜிபேயில் இணைக்கவே கூடாது. இதை எடுத்து வைத்த பிறகுதான் கல்லூரிக்கு 5,000 முடியுமா, 3,000தான் முடியுமா என்பது தெரியும். 3,000 என்றால் 3,000. அகலக்கால் வைத்துப் பாதியில் நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

நகைச் சீட்டு கட்டலாமே என்பார்கள். மாதாமாதம் கட்டும் பழக்கம் வரும், சரி, ஆனால் பதினோரு மாதம் கட்டி முடித்தால் கையில் வருவது நகை. கல்யாணத்துக்குச் சேர்க்கிறவர்களுக்குப் பொருந்தும், கல்லூரிக் கட்டணத்தை நகையாகக் கட்ட முடியாது.

ஆர்.டி.யில் எனக்குப் பிடித்ததே அதன் கெடுபிடிதான். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், தொடர்ந்து நான்கு தவறினால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பித்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது, அதற்குப் பிறகு இடையில் மூடினாலும் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான். உண்மையிலேயே அவசரம் என்றால், பன்னிரண்டு தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை கடன் தருகிறார்கள், கணக்கும் உடையாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதை எடுங்கள். காதுகுத்துச் சீருக்கு எடுக்கப் போகிறேன் என்று யாராவது வந்தால்தான் எனக்குக் கோபம் வரும். அந்தக் காதுகுத்துக்கு நாள் குறித்தது போன மாசியில்.