மறுநாள் காலையில் திறக்க வேண்டிய மூடி

நேற்று மாலை முடிவு வந்தது. மரக் கடைசல் செய்முறைத் தேர்வில், மரை மூடிச் சிமிழ் (திருகித் திறக்கும் மூடியுள்ள சிறு மரப்பெட்டி) பிரிவில், இந்த முறை நூற்றுக்கு 78 மதிப்பெண் பெற்றிருக்கிறேன். சென்ற ஆண்டு இதே பிரிவில் எனக்குக் கிடைத்தது 31. இரண்டு முறையும் அதே கைதான், அதே உளிகள்தான்; சொல்லப்போனால் சென்ற ஆண்டு செய்த சிமிழ்தான் பார்வைக்கு இன்னும் அழகாக இருந்தது. இடையில் மாறியது கட்டை மட்டுமே. ஆகவே இந்தக் குறிப்பில் கட்டை காய்வதைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். மெருகு, வடிவம், உளி தீட்டுவது பற்றியெல்லாம் அறிய விரும்புவோர் நிதானமான வேறொருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் கொடைக்கானல் மலையிலுள்ள பண்ணைக்காட்டுக்காரன். வீட்டுக் காபித் தோட்டத்தில் பிடுங்கிப்போட்ட பழைய செடிகளின் அடிக்கட்டைகள் குவிந்து கிடந்தன. காபிக் கட்டை நெருக்கமான இழை உள்ளது, கனமானது, மரைப் பற்களை உதிராமல் தாங்கக் கூடியது என்பதெல்லாம் உண்மைதான். நம் தோட்டத்துக் கட்டையில் செய்து காட்ட வேண்டும் என்ற வீம்பும் எனக்கு இருந்தது. ஆனால் காபிச் செடியின் தண்டு பருமன் அதிகமில்லாதது, 60 மி.மீ. விட்டத்தில் சிமிழ் எடுக்க வேண்டுமானால் நடுக்குருத்தை, அதாவது தண்டின் மையப் பகுதியை, தவிர்ப்பது ஏறக்குறைய முடியாது. குருத்து நடுவில் இருக்கும் கட்டை காயும்போது வெடிக்கும் என்பதை வகுப்பில் கேட்டிருந்தேன், கேட்டதோடு சரி. ஏழு வாரம் மட்டுமே காய்ந்த கட்டையை எடுத்துக்கொண்டு, ஏப்ரல் மாதத்து வெயிலில், மலையடிவாரத்து வத்தலக்குண்டு வழியாகக் கீழே தேர்வுக்குப் போனேன்.

முதல் நாள் செய்து ஒப்படைப்பது, மறுநாள் காலையில் திறந்து பார்ப்பது என்ற முறை எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. ஒப்படைக்கும்போது மூடி வெண்ணெய் போலச் சுழன்றது. மறுநாள் தேர்வாளர் அதைக் கையில் எடுத்துத் திருகினார். கால் சுற்று வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. பின்னோக்கித் திருகினார், பழைய இடத்துக்கு வந்து ஒழுங்காக உட்கார்ந்தது. மறுபடியும் திருகினார், அதே இடத்தில் நின்றது. "தம்பி, இது சிமிழா, பூட்டா?" என்று கேட்டுவிட்டுச் சற்று அழுத்தினார். உள்ளே இரண்டு மரை உதிர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்த அழுத்தத்தைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அழுத்தாமல் விட்டிருந்தாலும் மதிப்பெண் பெரிதாக ஏறியிருக்காது.

ஏன் கால் சுற்றில் நின்றது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல நாள் பிடித்தது. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் கூடுதலாகவும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் குறைவாகவும் சுருங்கும். அதனால் வட்டமாகக் கடைந்த கழுத்து சற்றே முட்டை வடிவத்துக்கு மாறுகிறது. மூடியும் அதே கட்டையிலிருந்து வந்தது என்பதால் அதுவும் அதே பக்கமாக முட்டையாகிறது. இழை இழையோடு சேர்ந்திருக்கும் மூடிய நிலையில் இரண்டு முட்டைகளும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். கால் சுற்று திருகியவுடன் ஒன்றின் நீள்பக்கம் மற்றதன் குறுகிய பக்கத்தில் மோதும். உட்புறத்தைக் குடைந்தவுடன் அதுவரை மூடிக்கிடந்த ஈரம் காற்றுக்கு வந்துவிடுகிறது என்பதால், இது நடக்க ஓர் இரவே போதும்.

இந்த முறை வில்பட்டிப் பக்கத்தில் சாய்ந்துபோன பழைய பேரிக்காய் மரம் ஒன்றின் அடிமரத்தை வாங்கினேன். பேரிக்கட்டைக்கு இழை மென்மையாகவும் ஒரே சீராகவும் இருக்கிறது. மரைக்கு இதைவிடத் தோதான கட்டை நம் மலையில் எனக்குத் தெரிந்து இல்லை. குருத்தை ஒதுக்கிவிட்டுத் துண்டு போட்டு, இரு முனைகளிலும் தேன்மெழுகு உருக்கித் தடவி, தேவைக்கு மேல் 8 மி.மீ. பருமன் விட்டு உருட்டி, உள்ளேயும் பாதி குடைந்து, சமையலறைப் பரணில் வைத்தேன். ஞாயிறுதோறும் அம்மாவின் சமையல் தராசில் எடைபோட்டு, கட்டையின் அடியிலேயே பென்சிலால் எழுதி வந்தேன். முதல் வாரம் 412 கிராம் இருந்தது. பல மாதம் கழித்து 318-இல் வந்து நின்றது. அதன் பிறகு நான்கு ஞாயிறு அசையவில்லை. எடை நின்றுவிட்டால் கட்டை அந்த இடத்துக் காற்றுக்குப் பழகிவிட்டது என்று பொருள். ஆனால் கொடைக்கானல் மூடுபனிக்குப் பழகிய கட்டை கீழே போனால் மறுபடியும் காயத் தொடங்கும். அதனால் கடைசி மூன்று வாரம் வத்தலக்குண்டில் சித்தி வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். அங்கே மேலும் 9 கிராம் இறங்கியது. அந்த 9 கிராம்தான் எனக்கு 78 மதிப்பெண்.

மற்ற கட்டைகளைப் பற்றிச் சுருக்கமாக:

சில்வர் ஓக் மலிவு, எங்கும் கிடைக்கும், பயிற்சிக்குக்கூட வேண்டாம். இழை பருமன், மரை முனை உதிரும்.
தைல மரம் முறுக்கிக்கொள்ளும்.
கொய்யா நன்று, பயிற்சி முழுவதும் அதில்தான் செய்தேன்.
ஈட்டி மரத்தைக் காக்க நம் மாநிலத்தில் 1994-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. புதிய கட்டையைத் தேடி அலையாமல், பழைய கட்டில் கால் உடைந்தது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அது பல காலம் வீட்டுக்குள்ளேயே காய்ந்த கட்டை.

இனி மரை. அங்குலத்துக்கு 16 பல் உள்ள சேசர் ஜோடியைத்தான் (கழுத்துக்கு ஒன்று, மூடிக்கு ஒன்றாக, கையில் பிடித்து மரை வெட்டும் பல் உளிகள்) பெரும்பாலோர் கொண்டு வருவீர்கள். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே ஏறத்தாழ 1.6 மி.மீ., ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ.; எனவே கழுத்து 44 மி.மீ. என்றால் மூடியின் துளை 42 மி.மீ. லேத்தை நிமிடத்துக்கு 240 சுற்றில் வைத்தால் நொடிக்கு 4 சுற்று; அதாவது சேசர் நொடிக்கு 6.4 மி.மீ. அளவுக்கு நகர வேண்டும். 7 மி.மீ. நீள மரைக்குக் கையில் இருக்கும் நேரம் ஒரு நொடிக்குச் சற்று மேல். அந்த ஒரு நொடியில் யோசிப்பதற்கு எதுவும் இல்லை. முதல் வரி விழும்வரை இலேசாகத் தொட்டு, வெளியே எடுத்து, வட்டமாகக் கையைச் சுழற்றி மீண்டும் உள்ளே கொண்டு வர வேண்டும். வரி விழுந்துவிட்டால் பற்கள் தாமே வழியைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தள்ளுகிறவர்தான் கெடுக்கிறார்.

அவசரப்பட்டு இரட்டை வேகத்தில் தள்ளினால் இரண்டு மரைகள் பின்னிக்கொண்டு ஓடும். பார்ப்பதற்கு ஒழுங்கான மரை போலவே இருக்கும். மூடியோடு மட்டும் சேராது. சந்தேகம் வந்தால் லேத்தை நிறுத்தி, ஒரு பள்ளத்தில் பென்சில் முனையை வைத்துக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பென்சில் அடுத்த பள்ளத்துக்கு வர வேண்டும். அதையும் தாண்டி மூன்றாவதற்குப் போனால் சீவி எறிந்துவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். எனக்குப் பயிற்சியில் இப்படிப் பதினோரு கழுத்து போயிற்று, எல்லாம் கொய்யா.

மூடியை முதலில் முடியுங்கள். கழுத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம், துளையைச் சிறிதாக்க முடியாது. மூடித் துளையின் உட்கோடியில் 3 மி.மீ. அகலத்துக்கு, மரை ஆழத்தைவிடச் சற்று அதிகமாக ஒரு பள்ளம் எடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் சேசர் சுவரில் முட்டி நின்று, வெட்டிய மரையையே உரித்துவிடும். வாய் விளிம்பை உருட்டிவிடவும் மறக்க வேண்டாம். வெட்டும்போது மெழுகு தடவுங்கள்.

மூடியின் இழை உடலின் இழையோடு நேராகச் சேர்வதற்கு 10 மதிப்பெண் இருப்பதால் அதை விட்டுவிட முடியாது. துண்டைப் பிரிப்பதற்கு முன்பே மூடியிலும் உடலிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிடுங்கள். மூடி இறுகி நிற்கும்போது கோடு சேர இன்னும் கால் சுற்று பாக்கி என்றால், கழுத்தின் அடியில் உள்ள தோளை 0.4 மி.மீ. சீவினால் மூடி அந்தக் கால் சுற்றை ஓடி வந்துவிடும். கோட்டைக் கால் சுற்றுத் தாண்டி நின்றால் முக்கால் சுற்றுக்கு 1.2 மி.மீ. சீவ வேண்டியிருக்கும். தோளை மெல்ல மெல்லச் சீவுங்கள். நான் ஒரே இழுப்பில் அதிகம் சீவி 4 மதிப்பெண் இழந்தேன்.

மூடியின் பிடிப்பைப் பற்றிப் பலர் என்னோடு உடன்பட மாட்டார்கள். காற்றுப் புகாத அளவுக்கு இறுக்கமாகச் செய்ய வேண்டும் என்று உடன் படித்தவர்கள் சொன்னார்கள். அவர்களுள் இருவர் என்னைவிட அதிக மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறார்கள். ஆனாலும் நான் கழுத்தை மேலும் 0.3 மி.மீ. குறைத்தேன், மூடி சற்று ஆடியது, அதற்கு 3 மதிப்பெண் போயிற்று. மறுநாள் காலை தேர்வாளர் இரண்டு விரலால் திருகித் திறந்தார். என்னைப் போல இரவில் தூங்க முடியாதவர்கள் அந்த 3 மதிப்பெண்ணை விட்டுக்கொடுங்கள்.

அடுத்த ஏப்ரலில் எழுதப்போகிறவர்கள் கட்டையை இந்த மாதமே வாங்கிவிடுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு அறுத்த கட்டை பரணில் எவ்வளவு நாள் கிடந்தாலும் ஏப்ரலுக்குள் எடை நிற்காது. வில்பட்டி மரத்தில் என்னிடம் இரண்டு துண்டு மீதி இருக்கிறது; ஒன்றின் அடியில் 340 என்றும், மற்றதில் 327 என்றும் சென்ற ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறேன்.