மஞ்சளாக மாறும் ஒரு துளி

தர்மபுரி மாவட்டத்தில் நான் பிறந்து வளர்ந்த பக்கத்தில், ஒருவர் வாய்விட்டுச் சிரித்தாலே அவர் எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் என்று சொல்லிவிடுவார்கள். என் முன்பற்களிலும் அந்தப் பழுப்புக் கோடுகள் உண்டு. பாறைகளிலிருந்து கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் சேரும் ஃபுளோரைடு, பல்லின் எனாமல் உருவாகும் வயதில் விட்டுச்சென்ற தடம் அது. பல ஆண்டுகள் தொடர்ந்து அதிக அளவில் உடலுக்குள் போனால் எலும்பும் மூட்டும்கூட இறுகிவிடும். 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் இப்போது காவிரி நீர் கிடைக்கிறது என்றாலும், குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் போர் தண்ணீரைத் தேடித்தான் போகிறது. அந்தக் குடத்து நீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்பதை நிறமோ மணமோ சுவையோ காட்டிக்கொடுப்பதில்லை. அதனால்தான், செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்.என்.ஏ.வைக் கொண்டு ஃபுளோரைடைக் கண்டறியும் ஆய்வு ஒன்று சில ஆண்டுகளாக என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது.

இதன் வேர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மூலக்கூறு உயிரியலாளர் ரொனால்டு பிரேக்கரின் குழு, பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ.வே சில சிறு மூலக்கூறுகளை நேரடியாகப் பற்றிக்கொண்டு, தன் மடிப்பை மாற்றி, மரபணுவை இயக்கவோ நிறுத்தவோ செய்கிறது என்று 2002-ல் காட்டியது. இத்தகைய பகுதிகளுக்கு ரைபோசுவிட்ச் என்று பெயர். புரதத்தின் துணை சிறிதும் இல்லாமல் ஆர்.என்.ஏ. தனியாக ஒரு பொருளை அடையாளம் காண்கிறது என்பதுதான் இதில் முக்கியமானது. அதன்பின், எதை உணர்கின்றன என்றே தெரியாத பல ஆர்.என்.ஏ. அமைப்புகள் கணினித் தேடலில் அகப்பட்டன. அவற்றில் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சோதனைக்கு எடுத்த வேதிப்பொருளில் மாசாகக் கலந்திருந்த ஃபுளோரைடுதான் அந்த ஆர்.என்.ஏ.வை அசைக்கிறது என்று தெரியவந்தது. மாசு என்று ஒதுக்கிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

ஃபுளோரைடு எதிர்மின்னேற்றம் கொண்டது, ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பும் அப்படித்தான். ஒன்றையொன்று விலக்க வேண்டிய இவ்விரண்டும் எப்படிச் சேர்கின்றன என்ற புதிருக்கு 2012-ல் வெளிவந்த படிகக் கட்டமைப்பு விடை தந்தது: மூன்று மெக்னீசியம் அயனிகள் ஃபுளோரைடைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ள, அந்த அயனிகளை ஆர்.என்.ஏ. தன் மடிப்புக்குள் வைத்துக்கொள்கிறது. அந்தக் குழிக்குள் குளோரைடுக்கு இடமில்லை. வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டும்போதெல்லாம் பேச்சை நிறுத்திச் சற்று நேரம் நானும் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவில், ஃபுளோரைடு இல்லாதபோது டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. கொண்டை ஊசிபோல் மடிந்து, படியெடுத்தலைப் பாதியிலேயே நிறுத்திவிடும். ஃபுளோரைடு வந்து அமர்ந்தால் அந்தக் கொண்டை ஊசி உருவாகாது, படியெடுத்தல் தொடரும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் லக்ஸின் குழு, இந்த ரைபோசுவிட்சுக்குப் பின்னால், கேட்டகால் என்ற நிறமற்ற வேதிப்பொருளை மஞ்சள் நிறப் பொருளாக மாற்றும் நொதியின் மரபணுவைப் பொருத்தியது. உயிருள்ள செல் எதுவும் இதில் தேவையில்லை. ஈ.கோலை பாக்டீரியாவை உடைத்தெடுத்த சாற்றையும் அந்த டி.என்.ஏ.வையும் சிறு குழாயில் சேர்த்து உறைய வைத்து உலர்த்திவிட்டால், சோதிக்க வேண்டிய குடிநீரை அதில் ஒரு துளி விட்டதும் அது மீண்டும் செயல்படத் தொடங்கும்; ஃபுளோரைடு இருந்தால் மஞ்சளாகும். கோஸ்டா ரிகாவில் எரிமலைப் பகுதி நீரைக் கொண்டு களத்திலேயே சோதித்துப் பார்த்து, 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னர் கென்யாவில் வீடுகளுக்கே கொண்டுபோய், மக்கள் தாமே சோதித்து நிறத்தைப் படிக்க முடிகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஆய்வின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் ஓர் எண் உறுத்துகிறது. 2020-ல் வெளியான சோதனை, லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடைக் கண்டறிகிறது. அது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கடுமையான வரம்பைக் கருத்தில் கொண்டு அமைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்போ 1.5, இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவு 1, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் மட்டுமே 1.5 வரை அனுமதி. ஆகவே 1.7 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரில் அந்தச் சோதனைக் குழாய் மஞ்சளாகாமல் இருந்தால், அந்த வீட்டுத் தாய் அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிடக்கூடும். வெப்பமான ஊரில் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீரும் அதிகம் என்பதால், எங்களுக்கு இந்த இடைவெளி சிறியதல்ல. ரைபோசுவிட்சின் வரிசையை மாற்றியோ, டி.என்.ஏ.வின் அளவையும் காத்திருக்கும் நேரத்தையும் திருத்தியோ கண்டறியும் அந்தக் கீழெல்லையைத் தாழ்த்த முயலலாம். இத்துறையில் புதிய கட்டுரை எது வந்தாலும், நான் முதலில் தேடுவது அந்த 1.5-ஐத்தான்.