பிரீவீல் வரவில்லை

ஜூன் 4, 2020
நேற்று உலக சைக்கிள் தினம். அதே நாளில்தான் சாகிபாபாத் ஆலையை அட்லஸ் சைக்கிள் கம்பெனி மூடியிருக்கிறது. நல்ல நாள் பார்த்தார்கள்! எங்கள் சைக்கிள் ரிப்பேர் கடைக்குச் சாமான் கேட்டு, இந்தக் கொரோனா நேரத்தில் கோவை மொத்தக்கடைக்குப் போன் போட்டேன். சைக்கிள் சாமான் செய்கிற ஊர் லூதியானா. “லூதியானாவுல ஆளே இல்லீங்க, எல்லாரும் பீகார், உ.பி.னு ஊருக்குப் போயிட்டாங்க” என்கிறார்.

ஜூன் 19
பள்ளிக்கூடம் இல்லை, கேரள அரசின் விக்டர்ஸ் டி.வி. சேனலில்தான் பாடம். அது முடிந்தால் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பசங்களுக்கு சைக்கிள்தான். பரணில் கிடந்ததெல்லாம் கடைக்கு வருகிறது. முன்பெல்லாம் வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் கேரள எல்லையைத் தாண்டி கோவை போய் மதியத்துக்குள் சாமானோடு திரும்பிவிடலாம். இப்போது அங்கே ஒரு பாஸ், இங்கே ஒரு பாஸ், வந்தால் 14 நாள் வீட்டுக்குள். காய்கறி லாரிக்காரரிடம் சொல்லிவிட்டால் ட்யூபும் பால்ஸும் (பேரிங் குண்டுகள்) மட்டும் வருகின்றன.

ஜூலை 2
கள்ளு இறக்குகிற அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். மிதித்தால் பெடல் சும்மா சுற்றுகிறது. தோப்புத் தோப்பாகப் போக அவருக்கு அதுதான் கதி. கோளாறு பிரீவீலில், அதாவது பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரத்தில். சாதாரண நாளென்றால் பழைய பிரீவீலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டியிருப்பேன்.

பெரியப்பா அதை வாங்கி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். மூடி இடமரை, அதாவது மரை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றும்; உளியை வைத்து வலப்பக்கமாகத் தட்டினால்தான் கழலும். உள்ளே பல்லைக் கவ்வுகிற கட்டை இரண்டும் கறுப்புப் பசையில் ஒட்டிக்கிடந்தன. மயிரிழைக் கம்பி ஸ்பிரிங் ஒன்று முறிந்திருந்தது. அதற்கு மாற்றைக் காயலான் டப்பாவிலிருந்த இன்னொரு பிரீவீலில் இருந்து எடுத்தார். கிரீஸ் பால்ஸுக்கு மட்டும்தான். கட்டையில் பட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், அதற்கு ஒரு சொட்டு ஆயில் போதும்.

கூலி 80 என்றேன். “புதுசே அந்த வெலதானே தம்பி?” என்றார் அண்ணன். பெரியப்பா 50 போதும் என்றுவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை. டப்பாவில் வருகிற சாமானுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறவர்கள், கைவேலை என்றால் மட்டும் பேரம் பேசுகிறார்கள். கடைக்காரரே அதற்குத் துணை.

ஜூலை 20
கூலிப் பலகை மாட்டியாயிற்று, தமிழிலும் மலையாளத்திலும். கோட்டம் எடுக்க (சக்கரத்தின் வளைவை நேராக்க), ஓவராயில் (முழு வண்டியையும் பிரித்துச் சுத்தம் செய்து மாட்ட), பிரீவீல் பிரிக்க. பெரியப்பா முறைத்தார். பின்சக்கரத்தில் 40 கம்பி, முன்னால் 32. ஒவ்வொன்றாய்ச் சுண்டிப் பார்த்து முறுக்குகிறவர் அவர்தான், காசு கேட்கத்தான் கூச்சம்.

ஆகஸ்ட் 26
மாநிலம் விட்டு மாநிலம் போகத் தடை கூடாதென்று மத்திய உள்துறை 22-ம் தேதி எழுதியிருக்கிறதாம். சரி, பார்ப்போம். லாரியில் பிரீவீல் ஒரு பெட்டி வந்தது, விலை கூடி. பலகையைக் கழற்றலாமே என்றார் பெரியப்பா. முடியாது என்றேன். அப்போ பிரீவீல் கூலியை அறுபதாகவாவது குறை என்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை.