வள்ளியம்மாளின் பேரன்

இன்று காலையிலிருந்து ராப் பாடகர் அறிவின் பாட்டுகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அரக்கோணத்துக்காரர். 2018-ல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடையில் சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்டவர். மறுவருடம் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். சினிமாவுக்காகக் காத்திருக்காத அந்தத் துணிச்சல் எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

2021 மார்ச்சில், அறிவும் பாடகி தீயும் பாடி, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்த 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய தலைமுறையின் கதை, அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதை. உலகமே ஆடியது. ஆனால் அந்த ஆகஸ்டில் வந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா இசை இதழின் அட்டையில் அறிவு இல்லை. ஏன் இல்லை என்று இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகவே கேட்டார். அடுத்த ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது, அங்கும் அறிவு இல்லை. அந்தப் பாட்டு தன் உழைப்பு என்று அவர் மனம் நொந்து எழுதினார். விழாவின்போது அறிவு அமெரிக்காவில் இருந்தார், பாட்டு மூவருக்கும் சொந்தம் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் சொன்னார். தீயும் அதையே சொன்னார். 2024-ல் இன்னொன்றும் தெரிந்தது: பாட்டால் தங்களில் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார் சந்தோஷ்.

யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று அளக்க நான் அந்த அறையில் இல்லை. ஆனால் வள்ளியம்மாளின் பேரன் இல்லாமல் அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை. அவருடைய 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள்.