ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேதி: நெட் முதல் தாளில் என்னைக் கரையேற்றிய சுற்றறிக்கைக் கோப்பு

2025 பிப்ரவரி 22-ம் தேதி நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்தது. வணிகவியல், ஐந்தாவது முயற்சி. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து போன் செய்கிற எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "முதல் தாளுக்கு என்ன படிச்சீங்க?" அந்த மார்ச் 6 முதல் 9 வரை செட் (மாநில அளவில் நடக்கும் அதே மாதிரியான தகுதித் தேர்வு) என்று அறிவித்திருந்தார்கள். அதற்கும், எல்லாப் பாடக்காரர்களுக்கும் பொதுவான முதல் தாளின் பாடத்திட்டம் இதேதான். அதனால் தள்ளிப்போடாமல் அப்போதே எழுதிவிட்டேன்.

நான் வகுப்பெடுக்கிற ஆள் இல்லை. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நிர்வாகம் சம்பளம் தரும் அலுவலக உதவியாளர். ஒன்பது வருஷமாக உள்வரும் தபால், ஆய்ஷி (அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு) படிவம், நாக் (கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் தரும் அமைப்பு) வேலை என்று மூன்றையும் பார்க்கிறேன். எம்.காம்., எம்.பில். முடித்தவள். என் மேஜைக்கு வந்து விடுப்பு விண்ணப்பம் கொடுக்கிற கெளரவ விரிவுரையாளர்களில் பாதிப் பேர் எனக்குப் பின்னால் படித்தவர்கள். அது எத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

2024 ஜூன் 18-ம் தேதி திருச்சியில் ஓஎம்ஆர் தாளில் நன்றாக எழுதிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதே மனசு லேசாக இருந்தது. மறுநாள் இரவு தேர்வு ரத்து என்று செய்தி. பத்து நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஆகஸ்ட் 21-லிருந்து செப்டம்பர் 4 வரை கம்ப்யூட்டரில் மறுதேர்வு நடந்தது. எழுதினேன். நான்கு மதிப்பெண்ணில் போயிற்று. நான்கு என்றால் இரண்டே கேள்வி. ஆன்சர் கீயை வைத்துப் பார்த்தபோது பத்தாவது அலகில், அதாவது உயர்கல்வி அமைப்பு பகுதியில், இரண்டு கேள்விகளைத் தெரியும் என்ற நினைப்பில் தவறவிட்டிருந்தேன். தெரியாமல் போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்ததாக நினைத்து விட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டுமே கால வரிசைக் கேள்விகள். அமைப்புகளைத் தொடங்கிய வரிசையில் அடுக்கச் சொல்லும் ரகம். நான் படித்த கைடில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 1956, ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) 1987 என்று கட்டம் போட்டு இருந்தது. அப்படியே அடுக்கினேன். ஆனால் ஏஐசிடிஇ தொடங்கியது 1945-ல். 1987 என்பது அதற்குச் சட்டம் வந்த வருஷம். யுஜிசி 1953 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது, சட்டம்தான் 1956. "தொடங்கியது" என்று கேட்டால் ஏஐசிடிஇ முந்துகிறது. "சட்டபூர்வ அந்தஸ்து" என்று கேட்டால் யுஜிசி முந்துகிறது. கேள்வியில் ஒரு சொல் மாறினால் வரிசை தலைகீழாகிறது. அந்தக் கைடை எழுதியவர் ஒரு தேதியை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு முயற்சியை இழந்தேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் மதியம், எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேருக்குள் வாக்குவாதம். பிஎச்.டி. இல்லாமல் உதவிப் பேராசிரியர் ஆக முடியுமா, முடியாதா? ஒருவர் 2021-லிருந்தே கட்டாயம் என்கிறார். இன்னொருவர் 2023 என்கிறார். கண்காணிப்பாளர் சார் என்னைப் பார்த்து, "ஏம்மா, அந்த ஃபைலை எடு" என்றார். யுஜிசி சுற்றறிக்கைக் கோப்பு. பச்சை நிற அட்டை, மூலை மடங்கி, டேக் நூல் நைந்து, ஒவ்வொரு தாளின் வலது மேல் ஓரத்திலும் நானே வைத்த ஊதா "பெறப்பட்டது" முத்திரை, அதற்குள் என் கையெழுத்தில் தேதி. எடுத்துப் படித்தேன். 2018 ஜூலை 18 நெறிமுறைகள் பல்கலைக்கழகத் துறைகளில் நேரடி நியமனத்துக்கு 2021 ஜூலை 1 முதல் பிஎச்.டி. கட்டாயம் என்றன. அது 2023 ஜூலை 1-க்குத் தள்ளிப்போனது. பிறகு வந்த திருத்தம் அதே 2023 ஜூலை 1 முதல் நெட், செட், ஸ்லெட் (இதுவும் மாநில அளவிலான தகுதித் தேர்வுதான்) இவற்றில் ஒன்று இருந்தாலே குறைந்தபட்சத் தகுதி என்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது வருஷமாக முத்திரை வைத்து, எண் போட்டு, நூலில் கோத்தது நான்தான். ஒரு தாளைக்கூட முழுசாகப் படித்ததில்லை. பத்தாவது அலகு முழுக்க அதில் இருந்தது.

அடுத்த இரண்டு மாதம் நான் செய்தது இதுதான். கைடை மூடிவிட்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு அமைப்புக்கும், கொள்கைக்கும், நெறிமுறைக்கும் இரண்டு தேதி எழுதினேன். பிறந்த தேதி ஒன்று, அதிகாரம் வந்த தேதி ஒன்று. அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. அரசாணை போட்ட தேதி வேறு, அமலுக்கு வரும் தேதி வேறு என்று நமக்குத் தெரியும், நிலுவைத் தொகை கணக்கே அதை வைத்துத்தான். அதைப் படிப்புக்குக் கொண்டுவர எனக்குத்தான் தோன்றவில்லை.

நோட்டிலிருந்து சில:

யுஜிசி: 1953 / 1956
ஏஐசிடிஇ: 1945 / 1987
என்சிடிஇ (ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு): 1973-ல் ஆலோசனை அமைப்பு / 1993 சட்டம், 1995-ல் செயல்பாடு (இதற்கு மூன்று)
நாக்: 1994, பெங்களூரு. தனிச் சட்டம் கிடையாது, சட்டபூர்வ அமைப்புகள் பட்டியலில் இருந்தால் அடித்துவிடுங்கள்
இன்ஃப்ளிப்நெட் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் அமைப்பு): 1991-ல் திட்டம் / 1996-ல் தனி மையம், காந்திநகர்
என்ஐஆர்எஃப் (கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசை): 2015 அறிவிப்பு / 2016 முதல் தரவரிசை
கல்வி பொதுப்பட்டியலுக்கு (மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் போடும் பட்டியல்) மாறியது: அரசியலமைப்பின் 42-வது திருத்தம் 1976 / அமல் 1977 ஜனவரி 3
ராதாகிருஷ்ணன் குழு (பல்கலைக்கழகக் கல்வி): 1948 நியமனம் / 1949 அறிக்கை
கோத்தாரி குழு (கல்வி முழுவதற்கும்): 1964 / 1966
தேசியக் கல்விக் கொள்கை: 1968, 1986 (1992-ல் திருத்தம்), 2020

முதலியார் குழுவை (1952-53) உயர்கல்வி என்று போட்டுவிடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் தலைமை என்பதால் நம் ஆட்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது இடைநிலைக் கல்விக்கானது.

நாளந்தா, தட்சசீலம், வல்லபி என்ற பழங்காலக் கல்வி நிலையங்கள் எல்லாம் ஒரு நாள் வேலை. அதில் நேரம் போக்க வேண்டாம்.

இரண்டாவதாக மூலத் தாள் கற்றுக் கொடுத்தது, ஆங்கிலத்தில் "ஷல்" என்று இருக்கிறதா "மே" என்று இருக்கிறதா என்று பார்ப்பது. ஒன்று "வேண்டும்", மற்றது "லாம்". கூற்று-காரணம் கேள்விகளில் இந்த வித்தியாசத்தில்தான் பொறி வைக்கிறார்கள். 2018 நெறிமுறைகளில் பணிச்சுமை பகுதியை ஒரு முறை முழுசாகப் படியுங்கள். வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, ஆண்டுக்கு 30 வேலை வாரங்கள், அதாவது 180 கற்பித்தல் நாட்கள், நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. கைடில் 16, 14 மட்டும் இருக்கும். 40 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஹாலில் முழிப்போம். யுஜிசி சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளும் அப்படித்தான். நாக் வேலைக்கு அந்தக் கடிதத்தின் நகலை எத்தனை தடவை ஜெராக்ஸ் எடுத்திருப்பேன்! அங்கீகரிக்கப்பட்ட கல்லூரி என்று சொல்வது 2(எஃப்), மத்திய நிதி உதவி பெறத் தகுதி தருவது 12(பி). ஜெராக்ஸ் எடுத்த கைக்கு இது மறக்கவே மறக்காது.

இன்னொரு லாபமும் இருந்தது, நான் எதிர்பார்க்காதது. முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். தமிழ் வழியில் படித்த எனக்கு கடைசியில் வரும் பத்தி வாசிப்பு ஐந்து கேள்விகளும் எப்போதும் இழுபறி. தினம் இரண்டு பக்கம் சுற்றறிக்கை ஆங்கிலம் வாசித்ததில் நீளமான வாக்கியத்தைப் பார்த்து பயப்படுவது நின்றது. ஐந்துக்கு நான்கு சரி.

ஜனவரியில் ஒரு குழப்பம் வந்தது. 6-ம் தேதி யுஜிசி புதிய வரைவு நெறிமுறைகளை வெளியிட்டது. துணைவேந்தர் நியமனம், ஆசிரியர் தகுதி என்று எல்லாவற்றையும் மாற்றும் வரைவு. 9-ம் தேதி நம் சட்டமன்றத்தில் அதை எதிர்த்துத் தீர்மானம். தேர்வு 3-ம் தேதியே தொடங்கி நடந்துகொண்டிருந்தது, பொங்கல் வந்ததால் 15-ம் தேதித் தேர்வை வேறு தள்ளிவைத்தார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு வரைவில் இருப்பதையெல்லாம் நடைமுறை என்று பகிர ஆரம்பித்தார்கள். நான் அந்தத் தாளை அச்செடுத்து, மேலே சிவப்பு மையில் "வரைவு" என்று எழுதி, கோப்பின் கடைசியில் வைத்துவிட்டு, குழுவிலிருந்து வெளியேறினேன். வரைவுக்கு அப்போது முதல் தேதி மட்டும்தான் இருந்தது, இரண்டாவது தேதி வரவில்லை. செட் எழுதுகிறவர்களும் இதை மனதில் வையுங்கள்: வரைவு அமலுக்கு வராதவரை, கேள்வியில் "வரைவு" என்று சொல்லாவிட்டால் விடை 2018 நெறிமுறைகளும் அதன் திருத்தங்களும்தான்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. காலை நாலரை மணி, அடுப்பு பற்றவைக்கும் முன் ஒன்றரை மணி நேரம், நான், நோட்டு, ஒரு டம்ளர் வரக்காப்பி. அவ்வளவுதான். ராத்திரி படித்த எதுவும் என் தலையில் நிற்காது, உங்களுக்கும் நிற்காது என்றே நினைக்கிறேன். மாக் டெஸ்ட் கடைசி மூன்று வாரம் போதும். முந்தைய ஆண்டு வினாத்தாள்களை மட்டும் விடாதீர்கள்; ஆனால் விடையைச் சரிபார்க்கும்போது "ஏன் மற்ற மூன்றும் தவறு" என்று எழுதுங்கள்.

தேர்வு அன்றைக்கு:

முதலில் வரும் தரவு அட்டவணைக் கேள்விகள் ஐந்தையும் குறித்து வைத்துவிட்டுத் தாண்டுங்கள். கணக்கில் மாட்டினால் இருபது நிமிடம் போய்விடும்.
நெகட்டிவ் மார்க் இல்லை. இரண்டு தாளும் சேர்த்து வரும் 150 கேள்விகளில் ஒன்றைக்கூடக் காலியாக விடாதீர்கள். நான் முதல் முயற்சியில் பதினொன்றை விட்டேன்.
முதல் தாளுக்கு 55 நிமிடத்துக்கு மேல் தராதீர்கள்.
வரிசைக் கேள்வி வந்தால் "தொடங்கியது", "சட்டம்", "அறிக்கை", "அமல்" இதில் எந்தச் சொல் என்று இரண்டு தடவை படியுங்கள்.

மறுதேர்வில் முதல் தாளில் 52 எடுத்திருந்தேன். இந்த முறை 68. பத்தாவது அலகில் ஐந்துக்கு ஐந்து.

சாதிச் சான்றிதழ் விஷயம் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் நெட்டுக்குச் செல்லாது. மத்திய அரசுப் பட்டியலின்படி ஓபிசி, கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும், இ-சேவையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஓபிசி என்று டிக் செய்துவிட்டு, பிறகு சான்றிதழ் இல்லாமல் அலைகிற தம்பி தங்கைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனதும் கண்காணிப்பாளர் சார் எல்லோருக்கும் காபி சொன்னார். பொருளியல் துறைக் கெளரவ விரிவுரையாளர் ஒருத்தி, செட் எழுதப் போகிறவள், மதியம் என் மேஜைக்கு வந்து, "அக்கா, அந்தப் பச்சை ஃபைலை ஒரு வாரம் தருவீங்களா?" என்றாள். கோப்பை வெளியே தரக்கூடாது என்பது விதி. சார் தலையாட்டினார். ஜெராக்ஸ் மிஷினுக்கு எடுத்துப் போய் நூலைப் பிரித்து ஒவ்வொரு தாளாக நகல் எடுத்தோம், ஆறரை மணி ஆகிவிட்டது. என் நோட்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். செட் முடியும் மார்ச் ஒன்பதாம் தேதி மாலை நோட்டைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள்.