கூலர் வாங்க வந்த கேப்டன்

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிற என் பெரியப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி, ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த ஊர். நாட்டில் இத்தனை கோடி செல்போன் இருக்க, ராணுவ அதிகாரி வேஷம் கட்டுகிற ஒருவன் போயும் போயும் இவருக்குப் போன் போட்டான். அவன் ஜாதகம் அப்படி.

அக்னி நட்சத்திர சமயம். வேலூர் வெயிலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கூலர் அனலாக வீசுகிறது என்று பெரியம்மா அடம்பிடித்து ஏசி போட வைத்துவிட்டார். பழைய கூலரைப் படமெடுத்து, பழைய சாமான் விற்கிற ஆப் ஒன்றில் 4,500 ரூபாய் என்று நான்தான் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்திலேயே போன். சுத்தமான இந்தி. ஆர்மி கேப்டனாம், வேலூருக்கு மாற்றலாகி வந்திருக்கிறாராம், சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறாராம்.

பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல். "நம்ம ஆளுடா! ஐநூறு குறைச்சே குடுத்துடலாம்."

பெரியம்மா நேதாஜி மார்க்கெட்டில் ஒரு கட்டு கொத்தமல்லிக்கே கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்குகிறவர். "பேரமே பேசாம ஒருத்தன் வாங்குறான்னா இன்னாமோ இடிக்குது" என்றார். யார் கேட்டார்கள்?

வாட்ஸப்பில் வரிசையாக வந்தது. ஆதார், கேன்டீன் கார்டு, சீருடையில் ஒரு போட்டோ. இந்த ஆட்கள் எங்கிருந்தோ சுட்ட அசல் ஜவான்களின் படங்களைத்தான் இப்படிச் சுற்ற விடுகிறார்கள். அடுத்து 'டெஸ்டிங்' என்று 5 ரூபாய் அனுப்பினான். அது நிஜமாகவே கணக்கில் ஏறியது. தூண்டில் புழு. பின்னாலேயே ஒரு க்யூஆர் கோடு. இதை ஸ்கேன் செய்து, 4,500 போட்டு, பின் நம்பரை அடித்தால் பணம் உங்களுக்கு வந்துவிடும், ஆர்மி பேமெண்ட் இப்படித்தான் என்றான்.

"பெரியப்பா, மளிகைக் கடையில ஸ்கேன் பண்ணா காசு யாருக்குப் போகுது?" என்று கேட்டேன்.

"கடைக்காரனுக்கு."

"அப்ப இதுல?"

மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பின் நம்பர் என்பது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கு நாம் கொடுக்கிற சம்மதம். இருப்பு எவ்வளவு என்று பார்க்கவும் கேட்கும். வருகிற பணத்துக்கு அது தேவையே இல்லை, தானாக வந்து விழும். முன்பெல்லாம் 'பணம் அனுப்பு' என்று ரெக்வெஸ்ட் தட்டிவிட்டு, அதை அமுக்கினால் காசு வரும் என்று கதை விடுவார்கள். தனி ஆட்கள் அப்படி யுபிஐயில் பணம் கேட்கும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். க்யூஆர் வித்தை மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ஸ்கேன் ஆகவில்லை என்று சொல்லிவிட்டோம். "பரவாயில்லை அங்கிள்ஜி, பேங்க் வழியாகவே போடுகிறேன்" என்றான். உடனே ஒரு எஸ்எம்எஸ்: உங்கள் கணக்கில் ரூ.45,000 வரவு. அடுத்த நொடி போனில் ஒரே அழுகை. ஒரு சைபர் கூடப் போய்விட்டது, 40,500-ஐத் திருப்பி அனுப்புங்கள், தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அந்த எஸ்எம்எஸ் வந்ததோ பத்து இலக்க செல் நம்பரிலிருந்து. பேங்க் மெசேஜுக்கு எழுத்தில் பெயர் இருக்கும். இருப்பைப் பார்த்தால், அவன் போட்ட 5 ரூபாயைத் தவிர ஒரு பைசா ஏறவில்லை.

இதற்குள் பெரியப்பா அந்தச் சீருடைப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்டில் கேப்டன் என்று இருக்கிறது. போட்டோவில் கையில் மூன்று பட்டை. அது ஹவில்தாருக்கு உரியது. கேப்டன் என்றால் தோளில் மூன்று நட்சத்திரம் இருக்க வேண்டும். பணம் போவதைக்கூட மனுஷர் மன்னித்திருப்பார். இதை மன்னிக்கவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டு இந்தியில் ஆரம்பித்தார். எந்த யூனிட்? சிஓ, அதாவது கமாண்டிங் ஆபீசர், பெயர் என்ன? இப்போது எங்கே இருக்கிறாய்?

"வேலூர் கண்டோன்மென்ட்."

மேப்பைப் பார்த்துச் சொல்லியிருப்பான். பாவம், நம்மூர் கண்டோன்மென்ட் ரயில்வே ஸ்டேஷனில் நாம் போய் ஏறுவது விழுப்புரம் பக்கம் போகிற ரயில்தான் என்று மேப் சொல்லவில்லை போலிருக்கிறது. அரக்கோணம் என்று சொல்லியிருந்தாலாவது, ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளம் இருக்கிற ஊர், கொஞ்சம் யோசித்திருப்போம்.

பிடி இறுகியதும் அவனும் குரலை உயர்த்தினான். ஆர்மி ஆபீசரையே சந்தேகப்படுகிறாயா, கேஸ் போடுவேன். பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து ஒரே கத்து:

"சாவ்தான்!"

எதிர்வீட்டு நாய் குரைத்தது. கீரை விற்றுக்கொண்டு போன அம்மா கூடையோடு அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு லைன் கட். அவன் அட்டென்ஷனில் நின்றானா என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத சந்தேகம்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்திருப்போம். சீக்கிரம் சொன்னால், கைமாறுவதற்குள் பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. எங்களுக்குப் போகாததால், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் பற்றிப் புகார் மட்டும் போட்டேன்.

கூலர் அந்த வாரமே விற்றது. வாலாஜாவிலிருந்து ஒருவர் மினி வேனோடு நேரில் வந்தார். ஸ்விட்சைத் தட்டி, மோட்டார் சத்தம் கேட்டு, வைக்கோல் தட்டி பழசு என்று குறை சொல்லி, 4,000-க்கு ஒத்துக்கொண்டார். ஜிபே போடும்போது, "சார், நானும் எக்ஸ் சர்வீஸ்மென்தான்" என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவின் புருவம் ஏறியது. எந்த யூனிட், எந்த வருஷம், சிஓ யார்? அத்தனைக்கும் டக் டக் என்று பதில். ஆள் அசல். அப்புறம் இரண்டு சொம்பு மோர், சியாச்சின் கதை, லே கதை. கடைசியில் கூலர் 3,000-க்குப் போனது. ஸ்டாண்டு இனாம்.

வேன் தெருமுனை திரும்பியதும் பெரியம்மா சொம்பை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அந்த போன்காரன் அஞ்சு ரூபா குடுத்துட்டாவது போனான்."